அண்ணி பார்த்துக்கொள்ளும் பழைய கம்ப்யூட்டர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அண்ணிக்குக் கோபமே வராது. அதுவே எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பும்.

கம்ப்யூட்டர் விற்கும் கம்பெனியில் போன் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். வாடிக்கையாளர்களின் புலம்பலைக் கேட்டுக் கேட்டே தொழிலைக் கற்றுக்கொண்டார். இன்று பல் செட் செய்யும் இடம், அச்சகம், மரக்கடை என்று நாற்பது இடங்களில் பழைய கம்ப்யூட்டர்கள் அவர் பொறுப்பு. ‘தூக்கிப் போடுங்க’ என்று சுலபமாகச் சொல்லிவிட்டுப் போகிற ரகம் இல்லை.

என் பட்டறையில் மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கிறோம். மெஷினை ஓட்டுவது பதினைந்து வருடப் பழைய கம்ப்யூட்டர். அதன் ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் தயாரித்தவர்களே கைகழுவிவிட்டார்கள். புதிய சிஸ்டத்திலோ மெஷினின் மென்பொருள் ஓடாது. அது படுத்தால் பட்டறையும் படுத்துவிடும். அந்தப் பயத்தில் மூன்று ஆன்டிவைரஸ் போட்டு வைத்தேன். ஒன்றுக்கு மூன்றாக இருக்கட்டுமே என்ற புத்திசாலித்தனம். ஒன்றை ஒன்று திருடன் என்று பிடித்துக்கொண்டு மூன்றும் மல்லுக்கு நிற்க, காலையில் ஆன் செய்த கம்ப்யூட்டர் மதியம்தான் கண் திறந்தது.

அண்ணி பார்த்துவிட்டுச் சிரித்தே விட்டார்.

"ஒரு வாசலுக்கு மூணு வாட்ச்மேனா, தம்பி?"

மூன்றையும் நீக்கினார். அந்தச் சிஸ்டத்துக்கு இன்னும் அப்டேட் தருவது எது என்று கம்பெனி கம்பெனியாக எழுதிக் கேட்டு, ஒன்றே ஒன்றைப் போட்டார். பிறகு இன்டர்நெட் கேபிளை உருவினார்.

"பழசா இருக்கறது தப்பில்ல. அதை வெளிய சுத்த விடறதுதான் தப்பு."

ஆர்டருக்கும் அப்டேட்டுக்கும் ஒரே பென் டிரைவ். அதையும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் சோதித்த பிறகே இதில் செருகவேண்டும். ஹார்ட் டிஸ்க்கை அப்படியே இன்னொன்றில் நகலெடுத்தார். எடுத்ததோடு விடவில்லை. நகலை மாட்டி, ஒரு லென்ஸ் தேய்த்துப் பார்த்த பிறகுதான் டீ குடித்தார். அந்த ஒரு காரியத்துக்கே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

போன மாதம், ஒரு திங்கட்கிழமை, கம்ப்யூட்டரில் எந்த ஃபைலும் திறக்கவில்லை. வைரஸ் எல்லாவற்றையும் பூட்டியிருந்தது. மெஷின் ஓட்டுகிறவர் மேல் பாய்ந்தேன். எட்டு வருடமாக என்னிடம் இருப்பவர்.

"கண்டதையும் செருகிட்டு முழிக்கிறீங்களா? நாளையிலேருந்து வராதீங்க!"

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

அதற்குள், நான் போனில் கூப்பிட்டிருந்த அண்ணி வந்துவிட்டார். "கொஞ்சம் இருங்கண்ணே" என்று அவரை நிறுத்திவிட்டு, வைரஸ் பூட்டாமல் விட்டிருந்த ஆன்டிவைரஸின் குறிப்புகளைத் தேடிப் பிடித்தார். படித்ததும் திரையை என் பக்கம் மட்டும் திருப்பினார். ஞாயிறு காலை பதினொன்று பத்துக்கு யாரோ வேறொரு பென் டிரைவைச் செருகி, ஆன்டிவைரஸ் எச்சரித்ததும் அதையே நிறுத்தியிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறைச் சாவி என்னிடம் மட்டும்தான் இருக்கும். மச்சினன் கொடுத்த குடும்பப் போட்டோக்களைப் பார்க்கும் ஆசை. ஆபீஸ் அறையைத் திறக்கச் சோம்பல். ஆன்டிவைரஸ் கத்தியது. எப்போதும் கத்துவதுதானே என்று அதன் வாயை அடைத்தவன் நான்தான்.

வெட்கத்தில் காது சுட்டது. "அந்த நகல் டிஸ்க்கைப் போட்டுருங்க, அண்ணி" என்றேன், மெல்ல.

டிஸ்க் அவர் கையில்தான் இருந்தது.

"போடறேன், தம்பி. எல்லார் முன்னாடியும் திட்டினீங்க இல்ல? முதல்ல எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

அப்போதும் அவர் குரலில் கோபம் இல்லை. ஆனால் நான் வாய் திறக்கும்வரை அந்தக் கை அசையப்போவதில்லை என்று தெரிந்தது.

"தப்பு என்னோடது. ஞாயித்துக்கிழமை நான்தான் செருகினேன். மன்னிச்சிருங்க" என்றேன்.

மெஷின்காரர் என்னைப் பார்க்கவில்லை. பையைக் கழற்றி வைத்தார். ஸ்க்ரூடிரைவரை எடுத்து அண்ணியிடம் நீட்டினார்.