கடல் இல்லாத மாவட்டத்தில் ஒரு கடல் மனு

காஞ்சிபுரத்தில் எனக்கு ஒரு டைப்பிங் கடை. மனு எழுதுவதில் என்னை அடிக்க ஆளில்லை. இப்படி வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

கடை வாசலில் மீன் விற்கும் அக்கா, மாமல்லபுரத்துக்கும் தெற்கே ஒரு குப்பத்திலிருந்து வருபவர். ஒருநாள் கூடையை இறக்காமலே சொன்னார்:

"தம்பி, கடலுக்குள்ள இன்னும் எண்ணெய்க் கெணறு தோண்டப் போறாங்களாம். என் புள்ளைங்க வலை போடற எடம்பா அது. வெள்ளிக்கிழமைக்குள்ள ஆட்சேபம் எழுதிக் குடுக்கணுமாம்."

"கவலைய விடுக்கா" என்றேன். நெய்தல் நிலத்தில் தொடங்கி, சோழர் கப்பலில் ஏறி, ஒரு முழுப் பக்கத்துக்கு அலையடிக்க வைத்தேன். கம்ப்யூட்டரில் தயாராக இருந்த கலெக்டர் முகவரியை மேலே ஒட்டினேன்.

திங்கட்கிழமை நானும் அக்காவும் போனபோது கலெக்டர் ஆபீசில் பெரிய வரிசை. அக்கா கூடையோடு நின்றதில் முன்னால் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வழிவிட்டார்கள். மனுவை வாங்கிய பெண் நிமிர்ந்து பார்த்தார்.

"சார், நம்ம மாவட்டத்துல கடல் ஏது? ஜில்லாவப் பிரிச்சப்பவே அது செங்கல்பட்டுக்குப் போயிடுச்சே."

அக்கா என் பக்கம் திரும்பினார். "ஏம்பா, இந்த ஊர்லயே குந்திக்கினு இருக்கிற. கடல் போனது உனக்குத் தெரியாதா?"

"சொல்லிக்காம போயிடுச்சுக்கா."

அவர் சிரிக்கவில்லை. கேட்டுக்கு வெளியே கூடையை இறக்கி, மனு கொடுக்க வந்தவர்களிடமே மீனை விற்றுத் தீர்த்தார். வாலாஜாபாத் வழியாகப் பஸ் பிடித்தோம். வழியெல்லாம் நான் காஞ்சிபுரத்தை அடித்து அடித்துச் செங்கல்பட்டு எழுதிக்கொண்டு வந்தேன்.

செங்கல்பட்டில் இருந்த அதிகாரி பொறுமையாகப் படித்தார். சோழர் கப்பலைத் தாண்டி வந்தும் அவர் முகம் மாறவில்லை.

"எல்லாம் சரி. இவங்களுக்கு என்ன பாதிப்புன்னு எங்கயுமே இல்லியே? எந்தக் குப்பம்னு கூட இல்ல."

அக்கா பேசினார்.

"கெணத்துகிட்ட படகு போவக்கூடாதுன்னுடுவாங்க சார். எங்களுக்கு எறா கெடைக்கிறதே அங்கதான். எண்ணெ கசிஞ்சி வலையில பட்டா வலையும் போச்சு, மீனும் போச்சு. என் புள்ளைங்களுக்கு வேற தொழில் தெரியாது. இருக்கிற கெணறு போதும் சார். புதுசு வேணாம்."

"இதைத்தாம்மா எழுதணும். எழுதிட்டு, ஒரு நகலும் எடுத்துக்கினு வாங்க" என்றார் அவர்.

மனுவின் பின்பக்கத்தில், குப்பத்துப் பேரிலிருந்து அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். பதினோரு வரிதான் வந்தது. ஆபீஸ் வளாகத்திலேயே நகல் எடுத்து, மனுவைக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும், அக்கா நேராக எதிர் ஜெராக்ஸ் கடைக்குப் போனார். குப்பத்தில் எல்லா வீட்டிலிருந்தும் ஆட்சேபம் போகவேண்டுமாம், வெள்ளிக்குள்.

கடைக்காரர் தாளைத் திருப்பிப் பார்த்து, "ரெண்டு பக்கமும் போடணுமாம்மா?" என்று கேட்டார்.

"முன்னாடி இருக்கிறது வேணாம்பா" என்றார் அக்கா. "பின்பக்கம் மட்டும் போடு."