மகளிடம் லீவ் கேட்டேன்

கிளம்பிப் போவதற்கும், ஒன்றை அங்கேயே இருக்க விடுவதற்கும், அனுமதி கொடுப்பதற்கும் ‘லீவ்’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஆங்கிலம் பேசுகிறவர்கள் எப்படிக் குழம்பாமல் இருக்கிறார்கள்? எனக்கு இன்னும் புரியவில்லை.

நான் மொழி படித்தவள் அல்ல; பி.காம். தேவாலாவுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை. பிரசவ லீவ் முடிந்து, அதன் மேல் சம்பளமில்லாத லீவும் முடிந்து, ஒன்றரை வயது மகளை எஸ்டேட் காப்பகத்தில் விட்டுவிட்டு மறுபடி வேலைக்கு வரத் தொடங்கியபோதுதான் இந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. மகள் அங்கே பழகவில்லை என்றால் நான் வேலையை விட்டுவிட வேண்டும். வீட்டில் அப்படித்தான் பேசி வைத்திருந்தோம். சொந்த ஊரான கோவையிலிருந்து வந்து பார்த்துக்கொள்ள யாரும் இல்லை.

காப்பகத்தை இங்கே ‘புள்ளக்காம்பரா’ என்பார்கள். இலங்கையிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த பெயர். அங்கே காலையில் ஒரு வழக்கம் உண்டு. கொழுந்து பறிக்கப் போகும் அம்மாக்கள் பிள்ளையை ஆயாவிடம் கொடுப்பார்கள். ஆயா ஜன்னலுக்குத் தூக்கிப்போய்க் கோழியைக் காட்டுவார். பிள்ளை கோழியைப் பார்க்கும் நேரத்தில் அம்மா பின்கதவு வழியாகப் போய்விடுவாள். சத்தம் கேட்காமல் இருக்கச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு.

நானும் அப்படியே செய்தேன். மகள் அதிகம் அழவில்லை. ஆனால் வீட்டில் என்னைக் கண்ணை விட்டு அகல விடவில்லை. குளியலறைக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து தட்டிக்கொண்டே இருந்தாள். தெருவில் கோழியைக் கண்டாலே சட்டென்று திரும்பி என்னைத் தேடினாள்.

இன்னும் கொஞ்சம் லீவ் கேட்டுவிடலாம் என்று ஒரு மதியம் ஆங்கிலத்தில் விண்ணப்பம் தட்டினேன். எழுதி, அழித்து, கடைசியில் போனில் அகராதியைத் திறந்தேன். நாம் கேட்கிற லீவுக்கு ஆதிப் பொருள் அனுமதியாம். அன்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு அது தூரத்து உறவாம். கிளம்பிப் போவதைச் சொல்லும் லீவ் வேறு வேரிலிருந்து வந்தது. அதன் பழைய பொருள் மிச்சம் வைப்பது, இருக்க விடுவது. வேறு வேறு ஊர்க்காரர்கள் வந்து ஒரே பெயரில் குடியிருப்பது போல. எங்கள் தொழிற்சாலையில் தேயிலையைக் குறித்து நாள் முழுதும் அடிபடும் ‘லீஃப்’ இரண்டுக்கும் சொந்தமில்லை போலிருக்கிறது.

தமிழில் நாம் இதை இன்னும் வேடிக்கையாக்கிவிட்டோம். தொழிலாளி லீவ் போடுகிறார், மேனேஜர் கொடுக்கிறார், மழை அதிகமானால் கலெக்டர் விடுகிறார். எதிர்க் கடைக்காரரிடம் பஸ் வந்ததா என்று கேட்டால், “நடுவட்டம் பஸ் இன்னைக்கு லீவுங்க. கரண்டும் லீவு. நான் மட்டுந்தான் டூட்டி” என்பார்.

அகராதியில் இன்னொன்றும் இருந்தது. விடைபெறுவதை ஆங்கிலத்தில் ‘லீவ் எடுப்பது’ என்பார்கள். அதுவும் அனுமதி லீவ்தானாம். அப்படியானால் போகிறவர் உத்தரவு வாங்கிக்கொண்டுதான் போயிருக்க வேண்டும். மேனேஜரிடம் இத்தனை பணிவாகக் கேட்கிற நான் மகளிடம் ஒரு வார்த்தை சொல்வதில்லையே என்று தோன்றியது. விண்ணப்பத்தை அனுப்பவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது கணவரிடம் சொன்னேன்.

“கேட்டுப்போட்டுப் போறதுக்கு அவ என்ன கலெக்டரா?” என்றார்.

“கேட்டுத்தான் பாக்கலாமுங்க.”

“வேண்டாம்னு சொன்னா?”



மறுநாள் காம்பரா வாசலில் குந்தி உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டேன். “அம்மா ஆபீசுக்குப் போகட்டுமா சாமி?”

“வேணா,” என்றாள்.

ஆயா சிரித்துவிட்டார். “என்னா தங்கச்சி, கேட்டா வேணான்னுதான சொல்லும்? ஒங்க மேனேஜர் மட்டும் கேட்ட ஒடனே குடுத்துருவாரா?”

பக்கத்தில் பிள்ளையோடு நின்ற ஒரு பெண், “புள்ளைக்கு ஒரு மனு எழுதிக் குடுங்கக்கா” என்றாள்.

தொழிற்சாலைச் சங்கு ஊதிவிட்டது. “சாயங்காலம் வந்துருவேன்” என்று சொல்லிவிட்டு, அவள் பார்க்கப் பார்க்க முன்கதவு வழியாக நடந்தேன். அழுகை சாலை வளைவு வரை கேட்டது. கேட்டுவிட்டு மீறிப் போவது, கேட்காமல் போவதைவிட மோசமோ என்று அன்று முழுதும் மனம் அடித்துக்கொண்டது. மாலையில் குளித்துவிட்டுக் கதவைத் திறந்தபோது வெளியே அவள் இல்லை. பதறிப்போய்த் தேடினேன். சமையலறையில் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தாள்.

இப்போது கேட்பதில்லை, சொல்லிவிட்டுப் போகிறேன். காலையில் நன்றாக அழுகிறாள். மாலையில் தன் பாட்டுக்கு விளையாடுகிறாள். ஆனால் நேற்று ஆயா என்னைத் தனியே நிறுத்தினார். “ஒங்க புள்ள அழுவ ஆரம்பிச்சா மத்ததெல்லாம் சேந்து அழுவுது தங்கச்சி. திங்கக்கெழமையிலேருந்து நான் கோழிய காட்டிக்கிறேன், நீங்க பின்னால போயிருங்க.”

அவர் சொல்வதும் நியாயம்தான். அத்தனை பிள்ளைகளையும் அவர் ஒருவரே சமாளிக்கிறார். அவர் முகம் சுளித்தால் எனக்குக் காப்பகம் இல்லை, காப்பகம் இல்லாவிட்டால் வேலை இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லி வந்திருக்கிறேன்.

பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போன அம்மாக்கள், அப்பாக்கள் யாராவது இதைப் படித்தால் எழுதுங்கள். நீங்கள் சொல்லிக்கொண்டு போனீர்களா, மறைந்து போனீர்களா? காலை அழுகை எப்போது நின்றது? முக்கியமாக, பார்த்துக்கொள்கிறவரின் மனம் கோணாமல் இதை எப்படிப் பேசினீர்கள்? திங்கட்கிழமைக்குள் தெரிந்தால் நல்லது.