மணப்பெண் இல்லாமல் பேசிய விலை

விலை பேசிய அன்று சல்லி என்ற கடற்கரைக் கிராமத்தில், மணப்பெண் வீட்டு முன்கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். மணப்பெண்ணின் தாய், பெரியம்மா, என் அக்கா, நான். இல்லாதவர்கள் இரண்டு பேர். தகப்பன் கடலுக்குப் போயிருந்தார். மணப்பெண் பாலர் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். யாருடைய முகத்துக்கு விலை பேசினோமோ அந்த முகம் அங்கே இல்லை. அன்று அது எனக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை.

அக்கா தையல்கடை வேலையை விட்டு, மணப்பெண் அலங்காரத் தொழிலுக்கென்று காப்பை அடகு வைத்து மேக்கப் பெட்டி வாங்கியவள். கை நல்ல கை. விலை சொல்லத்தான் வராது. "நீங்கள் பாத்துத் தாங்கோ" என்பாள். கல்யாண வீட்டார் தட்டத்தில் வெற்றிலையும் ஒரு சேலையும் வைத்து, சேலைக்குக் கீழே கவரைச் செருகிக் கொடுப்பார்கள். அதை அங்கேயே திறந்து பார்ப்பது மரியாதையில்லை. ஒருமுறை வீட்டுக்கு வந்து திறந்தபோது எண்ணாயிரம் இருந்தது. அந்த வேலைக்குப் போன சாமானையும் ஆட்டோக் கூலியையும் நான் கூட்டிப் பார்த்தேன். ஒன்பதாயிரத்துக்கு மேலே வந்தது. ஒரு நாள் முழுக்கக் கால் கடுக்க நின்று வேலையும் செய்து, கையிலிருந்த காசையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். வணிகம் படித்தவன். வாங்குகிறவருக்கு எதற்கு எவ்வளவு என்று தெரிய வேண்டும், அதுதான் நியாயம் என்று நம்பினேன். உட்கார்ந்து பட்டியல் போட்டேன். முகம் பதினையாயிரம். தலை ஆறாயிரம். சேலை உடுத்தல் நாலாயிரம். போக்குவரத்து இரண்டாயிரத்து ஐந்நூறு. கல்யாணத்துக்கு முன்னம் ஒருநாள் எல்லாவற்றையும் போட்டுப் பார்க்கும் ட்ரயல் நாலாயிரம்.

அக்கா கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"இதைத் தனியப் போடாத தம்பி. இது வேலைக்குள்ள வாறது."

"உன்ர அரை நாள் போகுதெல்லோ? அதுக்குக் காசில்லையோ?"

"காசில்லையெண்டு நான் சொன்னனானே? தனியப் போடாத எண்டுதான் சொல்லுறன்."

நான் கேட்கவில்லை. படித்தவன் அல்லவா.

சல்லியில் அந்தத் தாய் பட்டியலை வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "முப்பத்தோராயிரத்து ஐந்நூறோ! பிள்ளை, முகத்துக்குப் பூசப் போறியளோ, வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கப் போறியளோ?"

பெரியம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அக்கா நிலத்தைப் பார்த்தாள். நான் ஒவ்வொரு வரியாக விளக்கினேன். விளக்க விளக்க அவர்களுக்குப் பட்டியல் பிடித்துப்போனது. எதை எடுத்தால் எவ்வளவு குறையும் என்று அதுவே சொன்னது.

"உந்த ட்ரயல் என்னத்துக்கு? எங்கட பிள்ளையின்ர முகம் எங்களுக்குத் தெரியாதோ? தம்பி, பேனையைத் தாருங்கோ" என்றார் பெரியம்மா.

கொடுத்தேன். அவர் அந்த வரியை நேராக வெட்டினார். இருபத்தேழாயிரத்து ஐந்நூறு. "வடிவாச் செய்தால் எங்கட வீட்டில அடுத்ததா இன்னும் ரெண்டு கலியாணம் கிடக்கு. ரெண்டும் உங்களுக்குத்தான்" என்றார் தாய். அக்காவின் கண் அப்போதுதான் நிமிர்ந்தது. அந்த இரண்டும் கிடைத்தால் காப்பு மீண்டுவிடும். அது எனக்கும் தெரியும்.

கல்யாணத்தன்று காலையில் நான் மணப்பெண் வீட்டுப் பந்தலுக்குள் கதிரையில் இருந்தேன். உள்ளே எல்லாம் முடிந்துவிட்டது, பசை பூசிப் பொய் இமை ஒட்டிக் கொஞ்ச நேரமாகிறது என்று சொன்னார்கள். திடீரென்று அக்காவின் குரல். அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. "தம்பி! ஆட்டோவைக் கூப்பிடு!"

மணப்பெண்ணை வாசலில் கண்டேன். பட்டுச் சேலை, நெற்றிச்சுட்டி, தலை நிறையப் பூ. நடுவில் இரண்டு இமைகளும் ஊதி, கண் இருந்த இடத்தில் இரண்டு கீறல்கள் மட்டும். பொய் இமையை உரித்து எடுத்த பிறகும் வீக்கம் ஏறிக்கொண்டேயிருந்தது.

"எனக்கு பிளாஸ்டர் ஒட்டினாலே தடிக்கும் அக்கா" என்றாள் அவள், தடவித் தடவிப் படியிறங்கியபடி. "ஒருத்தரும் கேக்கேல்லையே."

அதில் கோபம்கூட இல்லை. அதுதான் என்னை இன்னும் அடித்தது. ட்ரயலுக்கு வந்து அக்காவுக்கு முன்னால் இருந்திருந்தால் முதல் அரை மணித்தியாலத்திலேயே அவள் இதைச் சொல்லியிருப்பாள். சொல்லாவிட்டாலும் இமை சொல்லியிருக்கும்.

டவுனில் தனியார் டாக்டர் ஊசி போட்டார். முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கோயிலுக்குள் நுழைந்தார்கள். முகத்தில் அக்கா போட்ட எதுவுமில்லை, எல்லாம் கழுவியாயிற்று. மணவறையில் இருந்தவள் இரவிரவாக அழுதவள் மாதிரி இருந்தாள். மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருவர் பக்கத்திலிருந்தவரின் காதுக்குள், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, "பிள்ளையை வெருட்டிக் கூட்டிக்கொண்டு வந்திட்டினமோ?" என்றார்.

மணப்பெண் தலையைத் திருப்பினாள். "நான் விரும்பித்தான் வந்தனான் மாமி. இது பசை."

ஐயரே மந்திரத்தை நிறுத்திச் சிரித்துவிட்டார். மாப்பிள்ளை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். தூணுக்குப் பின்னால் நின்ற அக்கா மட்டும் சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அன்று மாலை தாய் பேசின காசை நீட்டினார். திட்டவில்லை. "நாங்களுந்தானே வெட்டினனாங்கள்" என்று மட்டும் சொன்னார். அக்கா தலைக்கும் சேலைக்கும் போக்குவரத்துக்கும் உரியதை எடுத்துக்கொண்டு, முகத்துக்கான பதினையாயிரத்தைத் திருப்பிக் கையில் வைத்தாள்.

அடுத்த இரண்டு கல்யாணங்களும் டவுனில் ஒரு அழகுச் சலூனுக்குப் போயின. காப்பு இன்னும் அடகில்தான். அக்கா இப்போது ஒரே ஒரு தொகை சொல்கிறாள், ட்ரயல் அதற்குள்ளேயே இருக்கிறது. மணப்பெண் நேரில் வராமல் விலை பேசுவதுமில்லை.

அந்த வீட்டாருக்கு டாக்டரும் மருந்தும் நாலாயிரத்து இருநூறு. ஆட்டோ இரண்டாயிரத்து எண்ணூறு. வீக்கம் வற்றிய பிறகு திரும்பவும் சேலை உடுத்திப் படம் எடுத்ததற்கு இருபதாயிரம். நாங்கள் இழந்தது பதினையாயிரம். என் பேனையால் வெட்டிய அந்த ஒரு வரிக்கு இரண்டு வீட்டாரும் சேர்ந்து கொடுத்தது நாற்பத்திரண்டாயிரம் ரூபாய்.