கருவாட்டுக்கு நீட்டிய கிழங்கு

எண்பதுகளின் கடைசியில், டென்மார்க்கின் ஸ்கீவ என்ற ஊரில், எனக்கு வெள்ளிக்கிழமைச் சாப்பாடு ஓர் அயர்லாந்துக்காரி வீட்டில். டேனிஷ் விவசாயி ஒருவரைக் கட்டி வந்து, விதவையானவர். கத்தோலிக்கக் கோயிலில் பூசைக்கு வருபவர்களை விரல்விட்டு எண்ணக்கூடிய ஊர்; என்னையும் என் அறைத்தோழனையும் அங்கேதான் பிடித்துக்கொண்டார்.

உருளைக்கிழங்கைத் தோலோடு அவித்து, மேசை நடுவில் இருந்த கூடையில் கொட்டுவார். பெருவிரல் நகத்தால் உரித்து, உப்பில் தொட்டு, மோரோடு விழுங்கவேண்டும். காலையில் ஓட்ஸ் கஞ்சி, மத்தியானம் கிழங்கு, இரவில் மிஞ்சிய கிழங்கைப் பொரித்தது. அவர் பிறந்த வீட்டில் வருசம் முழுக்க இதுதானாம். தோழன் சட்டைப்பையில் மிளகாய்த்தூள் கொண்டுபோவான்.

"வெள்ளிக்கிழமையில் மீன் இல்லையோ?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"ஒரேயொரு கருவாடு இருந்தது. மேசைக்கு மேலே கயிற்றில் தொங்கும். கிழங்கை அதற்கு நேரே நீட்டிவிட்டு வாயில் போடுவோம். கருவாட்டைத் தொட்டால் அம்மாவிடம் அடி."

தோழன் தமிழில் சொன்னான்: "அண்ணை, அக்கான்ர விண்ணப்பமும் அந்தக் கருவாடுதான்."

அக்கா என்றது என் மனைவியை. யாழ்ப்பாணத்தில் இருந்த அவளை அழைக்க விண்ணப்பித்து ஒரு வருசம் தாண்டியிருந்தது. அகதிக்கு மனைவியை அழைக்க உரிமை உண்டு; சட்டம் எங்கள் பக்கம். வழக்கறிஞரிடம் போவோம் என்றான் தோழன். நான் ஊரில் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞனாக இருந்தவன். கோப்பு அசையாவிட்டால் ஏதோ தாளில் குறை என்று நம்புபவன். கலியாணச் சான்றிதழை மறுபடி மொழிபெயர்த்து, முத்திரை வைத்து அனுப்பினேன். பிறகு இன்னொருமுறையும்.

"கச்சேரியைக் கழட்டி வையுங்கோ அண்ணை."

"முறையெண்டு ஒண்டு இருக்கு. பொறு."

ஒவ்வொரு வெள்ளியும் அவன் கிழங்கைக் கூரைக்கு நீட்டி, "அக்காவுக்கு" என்பான். நானும் நீட்டப் பழகினேன்.

தாளில் குறையே இருக்கவில்லை. எங்களைப் போன்ற தமிழ் அகதிகளின் விண்ணப்பங்களைத் தொடவேண்டாம் என்று மேலிடத்தில் முடிவாகியிருந்தது. அதைக் கேட்டறிய எந்தப் படிவமும் இல்லை. பிறகு விசாரணை வைத்து, அது சட்டவிரோதம் என்று தடித்த புத்தகங்களாக எழுதினார்கள். வாசித்தேன். நன்றாகக் கோவைப்படுத்தியிருந்தார்கள்.

மனைவி ஒருநாள் வந்து சேர்ந்தாள். விமான நிலையத்தில், எத்தனை பெட்டி என்று கேட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை அயர்லாந்துக்காரி ஆளுக்கொரு முழு மீன் பொரித்து வைத்தார். நான் ஒரு கிழங்கை உரித்தேன், மீனுக்கு நேரே நீட்டினேன், வாயில் போட்டேன். பிறகு இன்னொன்று. தோழன் சிரிக்கவில்லை.

"என்னப்பா, மீனைத் தொடாமல் என்ன செய்யிறியள்?" என்றாள் மனைவி.

"சாப்பிடுறன்" என்றேன்.