எதிர்க்கடைக்காரர் வாசித்த பேட்ச் எண்கள்

நான் பிறந்தது தரங்கம்பாடியில், வாழ்க்கைப்பட்டது நன்னிலத்தில். என் கணவர் பள்ளிக்கூட வாத்தியார். நான் பார்மசி டிப்ளமா படித்திருந்ததால், பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்ததும் கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடை வைத்தேன். இன்றுவரை அதுதான் என் பிழைப்பு. இந்தக் கடையால் நான் பட்ட கஷ்டங்களை எழுதச் சொன்னால் நிறைய எழுதலாம். ஆனால் எழுத உட்கார்ந்தால் முதலில் நினைவுக்கு வருவது, போன வருஷம் மழைக்காலத்தில் எனக்குக் கிடைத்த உதவிதான்.

மழை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் எல்லா மருந்துக்கடைகளுக்கும் ஒரு தகவல் வந்தது. கடுமையான வலிக்கும், வலிப்புக்கும், தூக்கத்துக்கும் கொடுக்கிற மாத்திரைகளை இனி மாநிலத்தின் புதிய ஆன்லைன் முறையில் ஏற்றித்தான் விற்க வேண்டும். இந்த மாத்திரைகளைப் போதைக்காக வாங்குகிறவர்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். எங்கள் கடைக்கும் வருவார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் கேட்பார்கள், இல்லை என்றால் முறைப்பார்கள். அதனால் அந்தத் தகவலைப் படித்தபோது எனக்கு நல்லதுதான் என்று தோன்றியது. வேலை என்ன என்பது பிறகுதான் புரிந்தது.

கடையில் இருக்கிற அந்த மாத்திரை அட்டை ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். எந்தக் கம்பெனி, எந்த பேட்ச், எந்த மொத்த விற்பனை ஏஜென்சி வழியாக வந்தது, எப்போது காலாவதி ஆகும், எல்லாம். முறை தொடங்கிய பிறகு யார் வாங்கினாலும் அவர் செல்போனுக்கு ஒரு ஓ.டி.பி. எண் போகும். அதைச் சொன்னால்தான் பில் வரும். குறிப்பிட்ட நாளுக்குள் இருப்பை ஏற்றி முடிக்காத கடைகள், அந்த மாத்திரைகளை ஏஜென்சிக்கே திருப்பிவிட வேண்டும். நன்னிலத்தில் பாதிக் கடைக்காரர்கள், "இதுக்கு யாரு மல்லுக்கட்டுறது" என்று திருப்பிவிட்டார்கள்.

நான் ஏற்றிவிடலாம் என்றுதான் இருந்தேன். கடையை ஒழுங்குபடுத்தும்போது பின்கட்டில் இருந்த அட்டைப்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தேன். தூறலில் படி பாசி பிடித்திருந்தது. வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. என்னால் பேனா பிடிக்க முடியவில்லை. ஜாக்கெட் கொக்கி போடவே மகளைக் கூப்பிட வேண்டியிருந்தது.

அன்று இரவு சாப்பாடு ஊட்டிவிட்டபடியே கணவர் சொன்னார்: "திருப்பிக் குடுத்துடு. இதுல உனக்கு என்ன பெரிய லாபம் வருது? காய்ச்சல் மாத்திரை, சுகர் மாத்திரை வித்தாலே போதும்."

சரி என்றேன். உண்மையில் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

மறுநாள் காலையில் ஒரு பெரியவர் வந்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிராமம், சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வைத்துப் பயிர் செய்கிறவர். அவர் மனைவிக்கு வயிற்றில் புற்றுநோய். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வலிக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை என் கடையில்தான் வாங்குவார். அப்போது சம்பா நடவு நேரம். கெண்டைக்காலில் சேறு காய்ந்திருந்தது.

அன்றைக்கு வேண்டிய மாத்திரையைக் கொடுத்துவிட்டு, கட்டுப் போட்ட கையைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். "அடுத்த தடவை திருவாரூர்ல வாங்கிக்குங்கய்யா. இங்க இனிமே வராது."

அவர் கோபப்படவில்லை. என் கைக்கட்டைப் பார்த்தார்.

"திருவாரூருன்னா அரை நாளு ஆயிடுமேம்மா. அதுவரைக்கும் அவளத் தனியா விட்டுட்டு எப்படிப் போறது?"

"பக்கத்து வீட்டுல யாரையாச்சும்..."

"நடவு நேரத்துல யாரும்மா வீட்ல இருக்கா?" என்றவர், பிறகு அவரே என்னைத் தேற்றுகிறவர் மாதிரி, "சரி, நீங்க கைய பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

நேராகத் தெருவைக் கடந்து எதிர்க்கடைக்குப் போனார். அங்கே சீட்டை நீட்டுவதும், கடைக்காரர் இல்லை என்று தலையை ஆட்டுவதும் எனக்குத் தெரிந்தது.

அந்த எதிர்க்கடைக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு முன்பே அங்கே மருந்துக்கடை வைத்திருந்தவர். நெற்றி நிறைய விபூதி, பெரிய குரல். நான் கடை திறந்ததும் பெண்கள் பலர் என்னிடம் வரத் தொடங்கிவிட்டார்கள். பெண்ணிடம் கேட்பது அவர்களுக்குக் கூச்சமில்லாமல் இருந்தது. அவருக்கு அது பிடிக்கவில்லை. என் கடை, சட்டம் சொல்கிற அளவுக்கு இடம் இல்லாத கடை என்று மேலே ஒரு மனு போட்டார். மருந்து ஆய்வாளர் டேப்போடு வந்து அளந்தார். டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். அளவு சரியாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் பேசியதே இல்லை. காலையில் ஷட்டரைத் தூக்கும்போது நேருக்கு நேர் பார்க்க வேண்டி வரும். அவர் வானத்தைப் பார்ப்பார், நான் பூட்டைப் பார்ப்பேன்.

அன்று மத்தியானம், கடைத்தெருவே சாப்பாட்டுக்கு அடைக்கிற நேரத்தில், நான் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். யாரோ குனிந்து உள்ளே வந்தார்கள். பார்த்தால் அவர்.

"கை எப்படி இருக்கு?" என்றார்.

"பரவால்ல சார்."

"அந்த ஆளு ரெண்டு கடை வாசல்லயும் நின்னுட்டுப் போறாரு. பாக்க நல்லா இல்ல."

நான் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தேன்.

"நான் முந்தா நாளே எல்லாத்தையும் திருப்பி அனுப்பிட்டேன். என்கிட்ட கம்ப்யூட்டரும் இல்ல, எனக்கு அது வரவும் வராது. உங்ககிட்ட கம்ப்யூட்டரு இருக்கு. சரக்கு இன்னும் இருக்கா, அனுப்பிட்டீங்களா?"

"இருக்கு. நாளைக்கு அனுப்பலாம்னு..."

"அனுப்பாதீங்க. நான் பேட்ச் நம்பரு வாசிக்கிறேன். நீங்க இடது கையால தட்டுங்க. இந்தத் தெருவுல ஒரு கடையாவது வச்சிருக்கணும்ல?"

சொல்லிவிட்டு உட்கார இடம் தேடினார். அலமாரி, கவுண்டர், பின்கட்டுக் கதவு எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"உள்ள வந்து பாத்தா பெருசாத்தான் இருக்கு" என்றார்.

அவர் எதைச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்கும் அது புரிந்திருக்க வேண்டும், சட்டென்று மூக்குக்கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கிவிட்டார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

அதன்பிறகு தினமும் மத்தியானம் வந்தார். அட்டையில் பேட்ச் எண்ணை மை இல்லாமல் அழுத்தித்தான் அடித்திருப்பார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். அவர் வாசல் பக்கமாக உட்கார்ந்து, தெருவுக்கே கேட்கிற குரலில் வாசிப்பார். நான் ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டுவேன். "ஆச்சா? ஆச்சா?" என்று அவசரப்படுத்துவார். "இடது கை சார்" என்பேன். மழை பலத்தால் கரண்ட் போய்விடும். இருட்டில் உட்கார்ந்து, என் டப்பாவில் இருக்கிற எலுமிச்சம்பழச் சாதத்தை இரண்டு பேரும் சாப்பிடுவோம். வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவார், ஆனாலும் சாப்பிடுவார்.

ஒருநாள் பாதி வெட்டிய அட்டைகளை எடுத்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. நாலைந்து மாத்திரை மட்டும் கேட்பவர்களுக்கு அட்டையை வெட்டித்தான் கொடுப்போம். பேட்ச் எண் இருக்கிற பக்கமாக வெட்டிவிட்டால் மிச்சத்துக்கு எண் இருக்காது. எண் இல்லாததைப் புது முறை ஏற்காது.

"யாரு இது? இந்தப் பக்கமா வெட்டினது யாரு?"

"நான்தான்."

"படிச்சவங்க செய்யிற காரியமா இது? நம்பரு இருக்கிற பக்கத்த கடைசியிலல்ல வெட்டணும்?"

எனக்கும் கோபம் வந்தது. "உங்க கடையில எப்படி வெட்டுவீங்க?"

அவர் கையிலிருந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "நானும் இப்படித்தான் வெட்டுவேன்." அவர் சிரித்து அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து 'சார்' போய் 'அண்ணே' வந்துவிட்டது.

எல்லாம் ஏற்றி முடித்து அனுப்பினால், பாதிக்கு மேல் சிவப்பாகத் திரும்பி வந்தது. பேட்ச் எண் பொருந்தவில்லை என்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசி நாளுக்கு இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. அண்ணன் ஒரு அட்டையை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"நான் என்னன்னு வாசிச்சேன் இத?"

"ஓ."

"இது ஓ இல்லம்மா போலருக்கு. சைபர்."

"பாத்துச் சொல்லுங்கண்ணே. ஓவா, சைபரா?"

"ரெண்டும் உருண்டையாத்தானே இருக்கு!"

ஏஜென்சிக்குப் போன் செய்து கேட்டோம். சைபர்தான். அவர் எல்லா இடத்திலும் அதை இங்கிலீஷ் 'ஓ' என்றே வாசித்திருக்கிறார், நானும் யோசிக்காமல் தட்டியிருக்கிறேன். மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினோம். இந்தத் தடவை 'சைபர்' என்று அவர் சொல்லும்போதெல்லாம் அத்தனை அழுத்தம் கொடுத்தார். வெளியே மழைக்கு ஒதுங்கி நின்றவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. கடைசி நாளைக்கு முந்தின சாயங்காலம் எல்லாம் பச்சையாக வந்தது. நான் அவருக்கு நன்றி சொல்ல வாயெடுத்தேன். "சரி சரி, கடையத் தொறக்கணும்" என்று குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் உட்கார்ந்த இடத்திலேயே கண்ணை மூடிக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன்.

புது முறை தொடங்கியது. அந்தக் கிராமத்துப் பெரியவருக்கு, மாத்திரை இங்கேயே கிடைக்கும் என்று ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தேன். காலையிலேயே வந்துவிட்டார். சீட்டைப் பார்த்து விவரத்தை ஏற்றினேன். போன் எண் கேட்டேன், சொன்னார். ஓ.டி.பி. அனுப்பினேன். பிளாஸ்டிக் கவரில் சுற்றியிருந்த போனைப் பிரித்து அவர் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். எதுவும் வரவில்லை. மறுபடி அனுப்பினேன். வரவில்லை. இத்தனை பாடுபட்டும் இவருக்கே கொடுக்க முடியாமல் போய்விடுமோ என்று பயந்தேன்.

தெருவைக் கடந்து அண்ணன் வந்தார். போனை வாங்கிப் பார்த்தார். "என்னங்க, ரீசார்ஜே பண்ணலையா? இதுக்கு எப்படி மெசேஜ் வரும்?"

"யாரு பேசப் போறா எனக்கு, அதான் விட்டுட்டேன்" என்றார் பெரியவர்.

போன் கடை இன்னும் திறக்கவில்லை. அந்த நேரத்தில்தான் என் கணவர் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி அந்த வழியாக வண்டியில் வந்தார். கையைக் காட்டி நிறுத்தினேன். விஷயத்தைக் கேட்டதும், மணி அடித்துவிடுவார்களே என்றுகூடச் சொல்லாமல் வண்டியை ஓரம் கட்டினார்.

"நம்பரச் சொல்லுங்கய்யா" என்று தன் போனிலேயே ரீசார்ஜ் செய்தார். நாங்கள் நாலு பேரும் அந்தச் சின்ன போனையே பார்த்துக்கொண்டு நின்றோம். அது கூவியது.

"வந்துட்டு!" என்றார் பெரியவர்.

எழுத்துக்கூட்டி வாசிப்பது போல ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். பில் வந்தது. இடது கையால் மாத்திரையைக் கவரில் போட்டுக் கொடுத்தேன். அவர் அதைச் சட்டைப்பைக்குள் வைத்து, மேலே கையால் பொத்திக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். என் கணவர் என்னைப் பார்த்து, "திருப்பிக் குடுத்திருந்தா தப்பாப் போயிருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

அதன்பிறகு பெரியவர் தவறாமல் வந்தார். பொங்கல் முடிந்து அறுவடை நடந்துகொண்டிருந்தபோது கொஞ்ச நாள் வரவில்லை. பிறகு ஒருநாள் வந்தபோது முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. மிச்சமிருந்த மாத்திரைகளைக் கொண்டுவந்திருந்தார்.

"வீட்டுல வச்சுக்க ஒரு மாதிரி இருக்கும்மா. நீங்களே எடுத்துக்குங்க."

விற்ற மாத்திரையைத் திரும்ப வாங்கி விற்பனையில் சேர்க்கக் கூடாது. ஆய்வாளரிடம் போனில் கேட்டேன். தனியாக உறை போட்டு வையுங்கள், அடுத்த வாரம் வரும்போது முறைப்படி அழித்துவிடலாம் என்றார். அதைச் செய்தபடியே, "உட்காருங்கய்யா" என்றேன். அண்ணனும் எதிர்க்கடையிலிருந்து வந்து பக்கத்தில் நின்றார்.

பெரியவர் தண்ணீர் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "கடைசியில நல்லா பேசினாம்மா. வலி இருந்தப்ப ஒரு வார்த்தை பேச முடியாது, கத்துவா. மாத்திரை போட்டா ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம் பேசிக்கிட்டிருப்பா. அவ சின்ன வயசுல அவங்க ஊருல நடந்ததெல்லாம் சொன்னா. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எனக்குத் தெரியாததெல்லாம் சொன்னா. சிரிச்சா கூட."

அண்ணன் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்னய்யா சொன்னாங்க?" என்று கேட்டேன்.

பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினார். வாய்க்காலில் தாமரை பறிக்கப் போய் விழுந்தது, பள்ளிக்கூடத்தில் நாடகத்தில் ராணி வேஷம் போட்டது என்று ஒவ்வொன்றாக வந்தது. அவருடைய பஸ் வந்து நின்றது. அவர் பார்க்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. பஸ் கிளம்பிப் போனது.