பதினான்காவது படி

எரேதியா நகரில் மதியமானால் மழை வந்துவிடும். எல்லோரும் மரியாதையாக ‘டோன்யா’ என்று அழைக்கும் யோர்லெனியின் குழு சோதனை வாசிப்புக்கு உட்காருவதும் அந்நேரம்தான். நோயாளிக்கு மருந்து ஏற்றும் கருவிகளுக்கு வழிமுறைப் புத்தகம் எழுதுவது இருபது வருடமாக அவள் பிழைப்பு. ஐந்து பேருக்குத் தலைவி. ஒரு வார்த்தை கூடினாலும் வெட்டுவாள். கத்தரி என்றே அவளுக்குப் பட்டப்பெயர்.

அச்சுக்குப் போகுமுன் ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர் காதில் விழுந்ததை மட்டும் கருவியில் செய்ய வேண்டும். தானாக எதையாவது செய்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து வாசிக்க வேண்டும்.

அன்று பழைய புத்தகம் ஒன்றின் மறுபதிப்பை வாசித்தவன் கிரெய்வின். செய்தவள் யோர்லெனி.

‘குழாயின் கிளிப்பை மெதுவாக மூடவும்’ என்று கேட்டது. மூடினாள்.

"டோன்யா, நான் அதை வாசிக்கவே இல்லயே. கருவியோட கதவைத் திறக்கவும்னுதான் இருக்கு."

"வாசிச்சே. மெதுவாகன்னுகூட சொன்னே."

"மெதுவாகவா? அது செத்துப்போன எவெலியோ எழுதுற வார்த்தையாச்சே. நீங்கதான் பார்த்த இடத்துலெல்லாம் அடிப்பீங்க."

இரண்டாம் முறையும் அதே இடத்தில் கை கிளிப்புக்குப் போனது. மூன்றாம் முறை வலது கையைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டாள். இடது கை போய் மூடியது. கிரெய்வின் சிரிப்பதை நிறுத்திவிட்டான்.

அந்தப் படியை முன்பு குழுவில் இருந்த எவெலியோ முதல் பதிப்பில் எழுதியிருந்தார். பதினான்காவது படி. "இதுகூடவா நர்ஸுக்குத் தெரியாது?" என்று அவள் வெட்டினாள். "தெரியாத ஒருத்தி இருந்தா?" என்று கேட்டார் அவர். போன ஆகஸ்டில் அவரே ஆஸ்பத்திரியில் படுத்தார். புது நர்ஸ் ஒருத்தி புத்தகத்தைப் பார்த்து வரிக்கு வரி செய்தாள். கிளிப் மூடாமல் கதவைத் திறந்ததும் மருந்து முழுவதும் ஒரேயடியாக உள்ளே இறங்கியது.

மாரடைப்பு என்று அலுவலகம் நம்பியது. உண்மையை அவர் மனைவி யோர்லெனியிடம் மட்டும் சொல்லியிருந்தாள். இவள் வாய் திறக்கவில்லை. திறந்தால் வேலை போகும். அதே புத்தகம் இன்னும் எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடந்தது.

கணினி முன் உட்கார்ந்து படியைச் சேர்த்தாள். எழுதியவர்: எவெலியோ உமான்யா. மாற்றத்துக்குக் காரணம் கேட்ட கட்டத்தில் தட்டினாள்: "நான் நீக்கினேன். அதனால் அவர் இறந்தார். பழைய புத்தகங்களை உடனே திரும்பப் பெறவும். யோர்லெனி கெசாடா." மேலிடத்துக்கு அனுப்பினாள்.

"முதல்லேருந்து வாசி."

கிரெய்வின் வாசித்தான். பதினான்கு வந்தது. அவள் கைகள் தானாக அசையாமல் மேசைமேல் கிடந்தன. இந்த முறை அவளேதான் மூட வேண்டியிருந்தது.