மெர்சியின் புதனும் வெள்ளியும்

சபையாருக்கு அன்பின் தோத்திரம். நாகலூர் ஜீப் டேவிட்டை உங்களுக்குத் தெரியும். ஹாரன் அடித்தே பழகியவனுக்கு மைக் பிடித்துப் பேச வராது. ஆனாலும் ஆண்டவர் என் வீட்டில் செய்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

போன வருஷம் காப்பிப் பழம் பறிக்கிற சமயத்தில் என் மனைவி மெர்சிக்கு இருமல் வந்தது. எஸ்டேட் பனிதான் காரணம் என்று விட்டுவிட்டோம். பிறகு சளியில் ரத்தம். சேலத்தில் பரிசோதித்து, வழக்கமான மருந்துக்கு அடங்காத டிபி என்றார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நோய் ஒட்டிவிடக் கூடாதென்று மகள் ஜெனியை மாரமங்கலத்தில் என் தங்கை வீட்டில் விட்டோம். நான் ஜீப்பைத் திருப்பியபோது பிள்ளை அழுத அழுகை இன்னும் என் காதிலேயே இருக்கிறது.

டாக்டரம்மாதான் தைரியம் சொன்னார். டிபிக்குப் பல வருஷமாகப் புது மருந்தே வராமல் இருந்ததாம். ஆராய்ச்சி செய்கிறவர்கள் விடாமல் தேடி, அந்தக் கிருமிக்குச் சக்தி கிடைக்கிற வழியையே அடைக்கும் மாத்திரையைக் கண்டுபிடித்திருக்கிறார்களாம். முதலில் தினமும், பிறகு திங்கள், புதன், வெள்ளி. சாப்பிட்டுவிட்டுத்தான் போட வேண்டும் என்றார். மெர்சி நன்றாகத் தலையாட்டினாள்.

மாதங்கள் போயின. அதே மாத்திரை எடுத்த மற்றவர்களுக்குக் கிருமி போய்விட்டது, இவளுக்கு மட்டும் போகவில்லை. ஆள் பாதியாகிவிட்டாள். ஒருநாள் கொண்டை ஊசி வளைவில் ஜீப்பை ஓரம் கட்டி, "ஆண்டவரே, உமக்குக் காது கேட்குதா இல்லையா? வழியைக் காட்டும்!" என்று கத்தினேன். நல்லவேளை, வண்டியில் சவாரி இல்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மாத்திரை கொடுக்க வந்த நர்ஸம்மா பேச்சுவாக்கில் கேட்டார்.

"ஏனுங்க மெர்சி, காலையில என்னங்க சாப்பிட்டீங்க?"

"இன்னைக்கு உபவாசமுங்க. புதனும் வெள்ளியும் பொழுது சாயற வரைக்கும் தண்ணிதானுங்க."

நர்ஸம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "சோத்தோட போனாத்தானுங்க இந்த மருந்து ஒடம்புல நல்லாச் சேரும்! வாரத்துல ரெண்டு தடவை வெறும் வயித்துலயே போட்டிருக்கறீங்களே!"

அவள் உபவாசத்தை நினைத்து நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். இனி உபவாசமே வேண்டாம் என்றேன். மெர்சியோ அசையவில்லை.

"ஜெனி ஊட்டுக்கு வர்ற வரைக்கும் உபவாசம் இருக்கறேன்னு பொருத்தனை பண்ணிட்டனுங்க. ஆண்டவர்கிட்டச் சொன்ன வார்த்தையை எப்படீங்க மாத்தறது?"

நம் பாஸ்டர் ஐயாவுக்கு போன் போட்டேன். உடனே வந்து வாசலில் நின்றார்.

"கண்ணு, நீ சாப்பிடு. உன்ற பொருத்தனை அப்படியே இருக்கட்டும். புருசனும் பொஞ்சாதியும் ஒரே ஒடம்புதானே? உனக்குப் பதிலா டேவிட் உபவாசம் இருப்பான். நானும் கூட இருக்கறேன்."

காலையில் நாலு தோசை உள்ளே போகாவிட்டால் எனக்குக் கியரே விழாது. மெர்சி என்னைப் பார்த்தாள். பல மாதத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அழுதுகொண்டே இட்லி சாப்பிட்டாள். அதற்குப் பிறகுதான் நர்ஸம்மா மாத்திரையைக் கையில் கொடுத்தார்.

டாக்டரம்மா மறுபடி எல்லாப் பரிசோதனையும் செய்து, சிகிச்சையை நீட்டித்தார். அடுத்து வந்த முடிவில் கிருமி இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. இன்று ஜெனி எங்கள் வீட்டில் இருக்கிறாள். ஆண்டவருக்கு நன்றி. பேர் தெரியாத அந்த ஆராய்ச்சிக்காரர்களுக்காகவும் தினமும் ஜெபிக்கிறேன். அவர்களும் எங்கள் ஜெபத்துக்கு வந்த பதில்தான்.

பொருத்தனை முடிந்தும் எனக்கு வெள்ளிக்கிழமை உபவாசத்தை விட மனம் வரவில்லை. உங்களில் யாராவது மருந்து எடுத்துக்கொண்டே உபவாசம் இருந்தால், பயப்படாமல் சாப்பிடுங்கள். உங்கள் உபவாச நாளை எனக்குக் கொடுங்கள். நான் இருக்கிறேன்.